ஆறு ரெசிஸ்டர், ஒரு டையோடு, ஒரு மீட்டர்

1986 ஜனவரி 6 அன்று காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வரும் ஊர் அது. அங்குள்ள வானாய்வகத்துக்கு அதை உருவாக்கிய வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டதும் அன்றுதான். கண்ணாடிக் கட்டி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியவர்கள் பெங்களூரில் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் பட்டறைக்காரர்கள். தாங்கு அமைப்பை வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்து தந்தது. திறந்துவைத்தவருக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. அவர் உரிமம் பெற்ற ஹாம் ரேடியோக்காரர், அதாவது பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்பவர்; வி.யு.2 ஆர்.ஜி. என்பது அவருடைய அழைப்புக்குறி.

காவலூரில் முதலில் நிறுவப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி கொடைக்கானல் ஆய்வகத்தின் சொந்தப் பட்டறையில் உருவானது. வாங்க முடியாத கருவியை நாமே செய்துகொள்வோம் என்பதே அந்தத் தலைமுறையின் வழி. வானொலியிலும் அதே வழியில் நடந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்த டிரான்ஸ்மிட்டர்களைப் பற்றி ஓரளவு பேசியிருக்கிறோம். ஆண்டெனாவை அளக்க அவர்கள் செய்துகொண்ட கருவிகளைப் பற்றி அநேகமாகப் பேசியதே இல்லை. இத்தனைக்கும் நம் நாட்டு வானொலித் திறமையின் அடித்தளம் அந்தச் சின்னப் பெட்டிகள்தான்.

எதை அளக்க வேண்டும்? டிரான்ஸ்மிட்டரிலிருந்து கிளம்பும் மின்சக்தி கேபிள் வழியாக ஆண்டெனாவுக்குப் போகிறது. பெரும்பாலான கருவிகளும் கோஆக்ஸ் கேபிள்களும் 50 ஓமுக்காகச் செய்யப்பட்டவை. ஆண்டெனா காட்டும் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது தரும் எதிர்ப்பு, அந்த 50 ஓமோடு ஒத்துப்போனால் சக்தி முழுவதும் ஏறும். ஒத்துப்போகாவிட்டால் ஒரு பகுதி திரும்பி வரும். இந்தப் பொருத்தமின்மையைச் சொல்லும் எண் எஸ்.டபிள்யூ.ஆர். அது 2 என்றால் சுமார் 11 சதவீதமும், 3 என்றால் 25 சதவீதமும் திரும்புகிறது. பழைய வால்வு செட்டுகள் இதை ஓரளவு தாங்கும். டிரான்சிஸ்டர் செட்டில் கடைசி நிலை டிரான்சிஸ்டரே கருகிப்போகலாம்.

தடையில்லாத வெளியில் உயரக் கட்டிய அரை அலைநீள டைபோல் ஏறத்தாழ 73 ஓம் காட்டும் என்று புத்தகம் சொல்லும். நல்ல பூமி இணைப்புள்ள கால் அலைநீளச் செங்குத்துக் கம்பி 36 ஓம் அளவில் நிற்கும். வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே கட்டினால் இந்த எண்கள் எல்லாம் மாறிவிடும். எவ்வளவு மாறியது என்பதை அந்த இடத்தில் அளந்தால்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் ஒலிபரப்புக்காக இந்தத் தேவை எழுந்தது 1924இல். அந்த ஆண்டு மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று 40 வாட் டிரான்ஸ்மிட்டரோடு ஒலிபரப்பு தொடங்கியது. பின்னர் அது 200 வாட்டாக உயர்ந்தது. பணமில்லாமல் 1927இல் கழகம் நின்றுபோக, டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938 ஜூன் 16 அன்றுதான்.

உலகெங்கும் அந்நாளைய டிரான்ஸ்மிட்டர்களில் ஆண்டெனாவுக்கென்று இருந்த அளவுகோல் பெரும்பாலும் ஒன்றே: சூடான கம்பி அம்மீட்டர். மின்னோட்டம் பாயும்போது ஒரு மெல்லிய கம்பி சூடேறி நீளும், முள் நகரும். காயிலின் இணைப்புப் புள்ளிகளை மாற்றி மாற்றி முள் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே நிறுத்துவார்கள். மின்னோட்டம் எவ்வளவு என்று அது சொல்லும். ஆண்டெனாவின் எதிர்ப்பு எத்தனை ஓம், காயில் குணம் மிகுந்திருக்கிறதா கண்டென்சர் குணம் மிகுந்திருக்கிறதா என்று அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேறு கருவி வேண்டும்.

1939இல் போர் தொடங்கியதும் ஹாம் உரிமங்கள் முடக்கப்பட்டன. 1946இல் மீண்டும் வழங்கத் தொடங்கியபோது கடைகளில் புதிய கருவி கிடையாது. போர் உபரியாக ஏலத்துக்கு வந்த ராணுவ ரேடியோக்களும் அவற்றின் உதிரிகளும்தான். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் இறக்குமதி வரியும் சேர்ந்து, வெளிநாட்டு அளவுக் கருவியைச் சாதாரண ஆளின் கைக்கு எட்டாமல் செய்தன.

அந்தக் காலத்தில்தான் சென்னைக்குத் தெற்கே ஒரு முக்கியமான விதை விழுந்தது. சி. ராஜம் தம் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு 1949இல் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். எலெக்ட்ரானிக்ஸும் கருவித் தொழில்நுட்பமும் அதன் ஆரம்பப் பாடப்பிரிவுகளில் இருந்தன. இந்த ஊருக்குப் பெயர் தந்தது குரோம் லெதர் கம்பெனி, அதாவது தோல் பதனிடும் தொழில். தோலால் பெயர் பெற்ற ஊரில்தான் கருவிகளை வடிவமைக்கும் படிப்பு தொடங்கியது என்பதை தோல் தொழில் செய்யும் ஆம்பூர்க்காரர்களும் ராணிப்பேட்டைக்காரர்களும் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இனி அந்த வீட்டுக் கருவிகளுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் தாய் வீட்ஸ்டன் பிரிட்ஜ். 1833இல் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி கண்டது. 1843இல் சார்லஸ் வீட்ஸ்டன் பரப்பியது. நான்கு கைகள் கொண்ட சதுரம். மூன்று கைகளில் தெரிந்த ரெசிஸ்டர், நான்காவதில் தெரியாத பொருள். நான்கும் சமநிலைக்கு வந்தால் நடுவிலுள்ள மீட்டர் பூஜ்யம் காட்டும். ரேடியோ அலைவரிசைக்கு இதைக் கொண்டுவர ஹாம்கள் செய்த மாற்றம் எளிது: மூன்று கைகளிலும் 50 ஓம், நான்காவது கை ஆண்டெனா, நடுவில் டையோடும் ஒரு மைக்ரோ அம்மீட்டரும்.

எளிது என்று சொன்னாலும் செய்யும்போது ஒவ்வொன்றும் பாடம். 50 ஓம் ரெசிஸ்டர் கடையில் கேட்டால் 47 ஓம்தான் கிடைக்கும். ஆகவே இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களை இணையாகப் போட்டு 50 ஆக்கினார்கள். மூன்று கைக்கு ஆறு ரெசிஸ்டர். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் இதற்கு உதவாது. அந்தச் சுற்றே காயிலாகி அளவைக் கெடுக்கும். கார்பன்தான் வேண்டும். டையோடு சிலிக்கான் என்றால் 0.6 வோல்ட் வரை கண்ணே திறக்காது. சமநிலைக்கு அருகே இருக்கும் சிறு மின்னழுத்தம் அதற்குத் தெரியாது. ஜெர்மானியம் 0.2, 0.3 வோல்ட்டிலேயே விழித்துக்கொள்ளும். ரேடியோ மெக்கானிக்குகள் எல்லோருக்கும் பழக்கமான ஓ.ஏ.79 டையோடு அதற்குக் கைகொடுத்தது. ரெசிஸ்டரின் கால்கள் நீளமாக இருந்தால் அதுவும் பிழை. ஒட்ட வெட்டித் தகரப் பெட்டிக்குள் பற்றவைக்க வேண்டும்.

செய்து முடித்த பெட்டியை நம்புவது எப்படி? ஆண்டெனா இருக்க வேண்டிய இடத்தில் முதலில் ஒரு 50 ஓமைப் போட்டால் மீட்டர் பூஜ்யத்துக்கு வர வேண்டும். 25, 100, 150 ஓம்களைப் போட்டுப் பார்த்து முகப்புத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிரிட்ஜுக்குள் வரும் மின்னழுத்தம் மாறாதிருந்தால், திறந்துவிட்டாலும் குறுக்கிணைப்புப் போட்டாலும் முள் உச்சத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வேறு வேறு இடத்தில் நின்றால் பிரிட்ஜில் குறை. லட்சக்கணக்கான ரூபாய்க் கருவிகளையும் அளவுக்கு முன் இன்று இதே மூன்று நிலைகளில்தான் சரிபார்க்கிறார்கள்: திறப்பு, குறுக்கிணைப்பு, 50 ஓம். பள்ளி மாணவன் தகரப் பெட்டியில் கற்பதும் ஆய்வகப் பொறியாளர் செய்வதும் ஒன்றே. அதனால்தான் இந்தக் கைப்பழக்கத்துக்கு இவ்வளவு மதிப்பு.

ஆண்டெனா மேலே இருக்கிறது, பெட்டி கீழே. இடையிலுள்ள கேபிள் அளவை மாற்றிவிடும். இதற்கும் ஹாம்கள் கையாண்ட வழி அழகானது. கேபிளின் நீளம் சரியாக அரை அலைநீளம் என்றால் மேலே உள்ள இம்பீடன்ஸ் அப்படியே கீழே தெரியும். 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டருக்குச் சற்று மேல். ஆர்.ஜி.58 கேபிளில் அலை 0.66 மடங்கு வேகத்தில்தான் போகும் என்பதால் சுமார் 14 மீட்டர் கேபிள் வெட்டினால் போதும். மொட்டை மாடியிலிருந்து திண்ணைக்கு வந்துசேரும் நீளம்.

பிரிட்ஜோடு கூடப்பிறந்த கருவிகள் இன்னும் சில உண்டு. டிப் மீட்டர் என்பது காயிலை மாற்றி மாற்றிச் செருகக்கூடிய ஓர் ஆஸிலேட்டர். ஆண்டெனாவின் அருகே கொண்டுபோய் அலைவரிசையைத் திருகினால், ஆண்டெனா ஒத்திசைகிற இடத்தில் முள் சட்டெனச் சரியும். டம்மி லோட் என்பது 1000 ஓம் ரெசிஸ்டர்கள் இருபதை இணையாகப் பற்றவைத்து 50 ஓம் ஆக்கியது. ஒவ்வொன்றும் 1 வாட் என்றால் 20 வாட் தாங்கும். நாய்ஸ் பிரிட்ஜ் எல்லாவற்றிலும் நுட்பமானது. தலைகீழாக இணைத்த ஸீனர் டையோடின் இரைச்சலை இரண்டு மூன்று டிரான்சிஸ்டர்களால் பெருக்கி, பிரிட்ஜுக்குள் விட்டு, தன் ரிசீவரையே மீட்டராக வைத்துக்கொள்வது. ஒரு குமிழ் எத்தனை ஓம் என்று காட்டும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சரின் குமிழ் ஆண்டெனா எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று காட்டும். இரண்டையும் திருகத் திருக ரிசீவரில் இரைச்சல் அடங்கும் இடமே விடை. வெளிநாட்டு உதிரி ஒன்றுகூட வேண்டியதில்லை. ஃபெரைட் வளையத்துக்குப் பதில் டி.வி. ஆண்டெனாவின் பாலுனுக்குள் (balun) இருக்கும் ஃபெரைட் போதும்.

கீழிருந்தபடியே ஆண்டெனாவின் முனையை அளக்கும் இதே சிக்கலை ஆயிரம் மடங்கு பெரிதாக எதிர்கொண்டவர் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரொனால்ட் பிரேஸ்வெல்லிடம் ஆய்வு மாணவராக இருந்தார். 32 சிறு டிஷ்கள் கொண்ட சிலுவை வடிவ ஆண்டெனா அங்கே அமைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு டிஷுக்கும் போகும் அலைவழிக் குழாயின் மின்நீளம் (அலைநீளக் கணக்கில் அதன் நீளம்) மற்றதோடு நுணுக்கமாக ஒத்துப்போக வேண்டும். ஸ்வரூப்பும் கே.எஸ். யாங்கும் கண்ட வழி இது: டிஷ் இருக்கும் முனையில் ஒரு சிறு பிரதிபலிப்பான் தாளத்தோடு விட்டுவிட்டு இயங்கும். கீழிருந்து ஒரு சிக்னலை அனுப்பி, திரும்பி வருவதில் அந்தத் தாளம் உள்ளதை மட்டும் பிரித்து அளந்தால், மேலே ஏறாமலேயே அந்த முனைவரை உள்ள தூரம் தெரிந்துவிடும். திரும்பி வரும் அலையை இழப்பாக மட்டும் பார்க்காமல் அளவுகோலாக மாற்றிய யோசனை. 1961இல் வெளியான அந்தக் கட்டுரையின் முறை பின்னாளில் உலகின் பல ரேடியோ தொலைநோக்கி அணிகளில் வேரூன்றியது.

அவர் டாடா ஆய்வு நிறுவனத்துக்குத் திரும்பிவந்து ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கட்டியது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கி. நிலநடுக்கோட்டிலிருந்து அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் வடக்கு தெற்காகப் படுக்க வைத்தார்கள். இதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் ஒரு வான்பொருளைப் பல மணி நேரம் பின்தொடர முடியும். உள்நாட்டு வடிவமைப்பு, உள்நாட்டுக் கட்டுமானம். 1970இல் பயன்பாட்டுக்கு வந்தது.

அதன் குவியக் கோட்டில் இருப்பவை 1056 டைபோல்கள், 22 தொகுதிகளாக, தொகுதிக்கு 48. அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ். ஒரு டைபோலின் இம்பீடன்ஸையே கைப்பிடிக் கம்பி மாற்றிவிடும் என்றால், ஆயிரம் டைபோல்கள் அடுத்தடுத்து நிற்கும்போது என்ன ஆகும்? ஒவ்வொன்றும் பக்கத்திலிருப்பதைப் பாதிக்கும். கற்றையை வேறு திசைக்குச் சாய்த்தால் அந்தப் பாதிப்பும் மாறும். ஆகவே இங்கே அளவு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை இல்லை. தொலைநோக்கி உள்ளவரை தொடரும் பராமரிப்பு. 1990களின் தொடக்கத்தில் ஒவ்வொரு டைபோலுக்கும் பின்னால் ஒரு குறை இரைச்சல் பெருக்கியாக 1056 பெருக்கிகளைப் பொருத்தி அதன் உணர்திறனை உயர்த்தினார்கள். அந்தப் பணியை விவரிக்கும் 1993ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் செல்வநாயகம், பிரவீண்குமார், நந்தகோபால், வேலுசாமி. நீலகிரி மழையிலும் குளிரிலும் அரை கிலோமீட்டர் நீளக் கருவியின் ஒவ்வொரு உறுப்பையும் பழக்கப்படுத்திய இத்தகைய பொறியாளர்களின் பெயர்கள் நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டும்.

காவலூரை நடத்தும் அதே வான்இயற்பியல் நிறுவனத்துக்கும் ரேடியோவில் பங்குண்டு. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் ராமன் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து 34.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் டி வடிவ அணியை அமைத்தது. மொத்தம் 1000 டைபோல்கள்; கிழக்கு மேற்காக 640, தெற்குக் கையில் 360. 1990களில் அதே வளாகத்தில் சூரியனைப் பார்க்க 192 லாக் பீரியாடிக் ஆண்டெனாக்கள் நின்றன. குறைந்த அலைவரிசையில் ஆண்டெனா என்பது குழாயும் கம்பியும்தான். அதைச் சரியாக அளக்கத் தெரிந்தவரால் உலகத்தரமான கருவியைச் சிறு செலவில் கட்ட முடியும் என்பதற்குக் கௌரிபிதனூரைவிட நல்ல சான்று இல்லை.

வீட்டுக் கருவிகளின் உலகமும் இதற்குள் மாறியது. 1984இல் ஹாம் கருவிகளுக்கான இறக்குமதி வரி விலக்கப்பட்டது. 1991க்குப் பிறகு சந்தை திறந்தது. விலை கொடுத்தால் வெளிநாட்டு செட் கிடைக்கும் என்றானதும் பலர் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டார்கள். அது இழப்புதான்.

அந்தப் போக்கைத் திருப்பியவர் ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான், வி.யு.2 இ.எஸ்.இ. 2000களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட பிட்எக்ஸ் என்ற டிரான்ஸீவர் முழுக்க இந்தியக் கடைகளில் கிடைக்கும் உதிரிகளை நம்பி வரைந்தது. அதன் காயில்களைச் சுற்ற அவர் எடுத்துக்கொண்டது தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷர். உலகம் முழுவதும் ஹாம்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். பின்னால் அவர் குழு அந்த செட்டின் போர்டுகளை விற்கத் தொடங்கியபோது காயில் சுற்றும் வேலையைப் பெண்கள் குழு ஒன்று செய்தது. ஆண்டெனாவை அளப்பதற்கென அவர் வடிவமைத்துத் திறந்த சுற்றாக வெளியிட்டது ஆன்டுயினோ. ஆர்டுயினோ போர்டு, அலைவரிசை தரும் ஒரு சில்லு, திரும்பி வரும் அலையைப் பிரிக்கும் ரெசிஸ்டர் பிரிட்ஜ், ஒரு சிறு திரை. எஸ்.டபிள்யூ.ஆர். வளைகோடு கண்முன் விரியும்.

ஜப்பானியர் ஒருவர் வடிவமைத்து 2019 வாக்கில் சீனத் தொழிற்சாலைகள் வழியே பரவிய நானோ வி.என்.ஏ. இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. எதிர்ப்பு எவ்வளவு, காயில் குணமா கண்டென்சர் குணமா என்று இரண்டையும் சொல்கிறது. 1939இல் ஃபிலிப் ஸ்மித் வெளியிட்ட வட்ட வரைபடத்தையும் வரைந்து காட்டுகிறது. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ரெசிஸ்டர் பிரிட்ஜ்தான் இருக்கிறது. தகரப் பெட்டியில் அதைச் செய்து பார்த்தவருக்கு இந்தத் திரை பேசும் மொழி புரியும். நேராகக் கடையில் வாங்கியவருக்குப் பெரும்பாலும் ஓர் எண் மட்டும்தான் தெரியும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் ஊர்கள் இருக்கும் பாலாற்றங்கரைக்கு இது ஏன் முக்கியம்? ஆண்டெனாவின் இம்பீடன்ஸைத் தீர்மானிப்பதில் மண்ணுக்கும் பங்குண்டு. ஈரமும் உப்பும் கூடிய மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தரையில் நட்ட செங்குத்து ஆண்டெனாவின் பூமி இழப்பு அங்கே குறையும். வறண்ட பாறை நிலத்தில் கூடும். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் பதப்படுத்தப் போட்ட உப்பு பல பத்தாண்டுகளாகக் கழிவுநீரோடு நிலத்தில் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அந்தத் துயரத்தின் ஆவணம். கிணற்று நீரில் எவ்வளவு உப்பு என்பதைச் சோதனைச் சாலைகள் அந்த நீரின் மின்கடத்து திறனைக் கொண்டே மதிப்பிடுகின்றன. இரண்டு தகடுகள், மாறுமின்னோட்டம், ஒரு பிரிட்ஜ். ஆண்டெனாவை அளக்கும் அதே பிரிட்ஜின் உறவுக் கருவி. ஒன்றைச் செய்யக் கற்ற மாணவர் மற்றதையும் செய்துவிடுவார். தன் ஊர்க் கிணற்றைத் தானே சோதிப்பார்.

இந்த வட்டாரத்துக்கு இதற்கான கையும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிக் காலணி ஆலைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மில்லிமீட்டர் பிசகாமல் மேல்தோலைத் தைக்கும் கைகளுக்குக் காயில் சுற்றுவது கடினமான வேலை இல்லை. தோல் வணிகர்களின் கொடையால் வளர்ந்த வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919 முதல் நடக்கிறது. மேல்விஷாரத்தில் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பாலாற்று மணலும் ஜவ்வாது மலைப் பாறையும் ஒரே நாளில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே ஆண்டெனாவை இரண்டு இடத்திலும் நட்டு அளந்தால் ஒரு நல்ல மாணவர் ஆய்வு தயார்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் இயற்பியல், எலெக்ட்ரானிக்ஸ் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு ஆய்வகப் பயிற்சியில் இந்தப் பிரிட்ஜைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு 100 ஓம் ரெசிஸ்டர், ஒரு ஜெர்மானியம் டையோடு, ஒரு மீட்டர். மாணவர்களே பற்றவைக்கட்டும், அவர்களே சரிபார்க்கட்டும். ஆர்வம் வந்தவர்களை ஹாம் உரிமத் தேர்வுக்கு அனுப்புங்கள். 12 வயது நிறைந்த எவரும் எழுதலாம்.